பேட்டன் ரூஜில் நாலு சிலை, எங்கள் விறாந்தையில் நாலு கட்சி

போன ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு மாமா கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். காணிச் சண்டை இல்லை, கலியாணப் பேச்சும் இல்லை. 1950களில் பொப் பெட்டிட் என்ற அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரர் அடித்த புள்ளிகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது என் மகள் இடையில் புகுந்து, "தாத்தா, அது கறுப்புப் பெடியங்களை உள்ளுக்கே விடாத காலத்துக் கணக்கு" என்று சொல்லிவிட்டாள். மாமா பாதித் தேத்தண்ணியோடு கோப்பையைக் கீழே வைத்தார். செருப்பை மாட்டினார். படலையடியில் நின்று கிறுகிப் பார்த்து, "மனே, நீ சொல்றது பிழையில்ல. ஆனா அந்த மனுசனக் குறை சொல்லாத கா" என்றார். மறுகா போய்விட்டார்.

வழக்கு இதுதான். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுருக்கமாக எல்.எஸ்.யு. மிசிசிப்பி ஆற்றங்கரையில் பேட்டன் ரூஜ் என்ற ஊர். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்களில் ஆகப்பெரிய கூடைப்பந்தாட்டக்காரர் யார்? முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டு விறாந்தையில் இந்த வழக்கு நடக்கிறது. இடையில் யுத்தம் வந்தது, சுனாமி வந்தது, ஆட்கள் கனடாவுக்குப் போனார்கள், வழக்கு மட்டும் முடியவில்லை.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு லூசியானா எதற்கு என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் கொஞ்சம் வயது போனவர்கள் கேட்கமாட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கு வந்த இயேசு சபைக் குருமார் பலரும் அந்தச் சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள், நியூ ஓர்லியன்ஸ் லூசியானாவில்தான் இருக்கிறது. 1873இல் தொடங்கிய புனித மைக்கேல் கல்லூரிக்கு அவர்கள் வேதத்தோடும் இங்கிலீசோடும் சேர்த்துக் கூடைப்பந்தையும் கொண்டுவந்தார்கள். எங்கள் வெபர் மைதானம் அப்படி வந்த வெபர் அடிகளாரின் பெயரில்தான் இருக்கிறது. யூஜின் ஹேபேர்ட் அடிகளார் லூசியானாவில் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் 1923இல் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் பிரெஞ்சு வாடையோடு 'ஏபேர்' என்று உச்சரிப்பார்களாம், நாங்கள் எழுத்தில் இருந்தபடியே கூப்பிட்டோம். மைக்கேல் பெடியங்களுக்குப் பந்து பிடிக்கவும் தோற்கவும் வெல்லவும் பழக்கிய கோச் அவர். 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டார், கூட ஒரு இளைஞர். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது.

அதனால் லூசியானா எங்களுக்கு எட்டாத ஊராகத் தெரிந்ததே இல்லை. அங்கேயும் வாவிபோலத் தேங்கி நிற்கும் நீர், இறால், நண்டு, சோறு. வெக்கையும் ஒன்று, புயலும் ஒன்று. பாதர்மாரின் வாசிப்பறையில் கிடந்த பழைய அமெரிக்கச் சஞ்சிகைகளில்தான் நாங்கள் முதலில் எல்.எஸ்.யு. என்ற மூன்று எழுத்தையும் பார்த்தோம்.

சரி, வழக்குக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எல்.எஸ்.யு. சட்டையோடு ஆடியது மட்டும்தான் கணக்கு. பிறகு என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டியில் என்ன செய்தாலும் அது வேறு கடையின் வியாபாரம். 1958இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் பெட்டிட் 50 புள்ளி அடித்துக் கிண்ணம் வாங்கியதும் இதற்குள் வராது, ஷாக் வென்ற நாலு சம்பியன் பட்டங்களும் வராது. இந்தச் சட்டத்தைப் போட்டது நான். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான், ஒரு பேரேட்டுத் தொகையை இன்னொரு பேரேட்டில் வரவு வைக்க என் கை போகாது.

மாமாவின் ஆள் பெட்டிட். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற வாத்தியார், மைக்கேல் கோர்ட்டில் வெறுங்காலோடு ஆடியவர். பெட்டிட் பேட்டன் ரூஜிலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூட அணிக்கு முதலில் போனபோது ஆகாது என்று கழித்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் கொழுவும் கம்பியை வளையமாக வளைத்து மாட்டி, டென்னிஸ் பந்தைப் போட்டுப் பழகினார். பிறகு அதே பள்ளிக்கூடத்துக்கு மாநிலக் கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். மாமா இந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார். கம்பி என்று சொல்லும்போது இரண்டு கையாலும் வளைத்துக் காட்டுவார். தான் பழகிய காலத்தில் எண்ணெய்ப் பீப்பாயின் இரும்பு வளையத்தைத் தென்னையில் அடித்து ரிங் ஆக்கியதை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

எல்.எஸ்.யு.வில் பெட்டிட்டின் சராசரி ஒரு ஆட்டத்துக்கு 27.4 புள்ளி, கடைசி வருடம் 31.4. 1953இல் அணியைத் தேசியப் போட்டியின் கடைசி நாலு அணிகளுக்குள் கொண்டுபோனார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் தடவை. அரையிறுதியில் இந்தியானாவிடம் தோற்றார்கள். மாமா சொல்வது: "ஒண்டுமில்லாத வீட்டுல முதல் விளக்குக் கொளுத்தினவன் அவன். பிறகு வந்த எல்லாரும் அந்த வெளிச்சத்துல நடந்தவங்க." இதற்குப் பதில் சொல்வது லேசில்லை.

மச்சானின் ஆள் ஷாக், ஷகீல் ஓ'நீல். மச்சான் ஆறடி இரண்டு அங்குலம், மாவட்ட அணிக்கு நடுவில் நின்று றிபவுண்ட், அதாவது விழாமல் திரும்பிவரும் பந்து, பிடித்தவன். உயரமானவர்களை வாதத்தில் யாரும் மதிப்பதில்லை என்று அவனுக்கு ஒரு குறை. "வளர்ந்ததெல்லாம் கடவுள் குடுத்ததெண்டு சொல்லிருவீங்க, உழைச்சத ஆரும் எழுதமாட்டீங்க" என்பான். நியாயமான பேச்சு. எல்.எஸ்.யு. கோச் டேல் பிரவுன் ஜெர்மனியில் அமெரிக்க இராணுவ முகாமொன்றுக்குப் போனபோது மிக உயரமான ஒருவர் வந்து கால்பலம் கூட்ட என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டார். பிரவுன் அவரைச் சிப்பாய் என்று நினைத்துவிட்டார். கேட்ட பிள்ளைக்கு வயது 13. தகப்பன்தான் இராணுவத்தில் இருந்தார். அந்தப் பிள்ளை 1989இல் எல்.எஸ்.யு.வுக்கு வந்து மூன்று வருடம் ஆடினார். சராசரி 21.6 புள்ளி, 13.5 றிபவுண்ட், ஒரு ஆட்டத்துக்கு நாலரைக்கும் மேலே பிளொக், அதாவது எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது. 1991இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது. இடையில் விட்டுப்போன பட்டப்படிப்பை, என்.பி.ஏ.யில் கோடி கோடியாகச் சம்பாதித்த காலத்தில், 2000ஆம் ஆண்டு முடித்தார். தாய்க்குக் கொடுத்த வாக்கு அது. மச்சான் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அவனுடைய அம்மா அவன் ஏ.எல். எடுக்காமல் போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஆனால் ஷாக் விஷயத்தில் என்னால் ஒரு இடத்தைத் தாண்ட முடியவில்லை. 1990 அணியில் ஷாக், கிறிஸ் ஜாக்சன், ஸ்டான்லி ரொபர்ட்ஸ் மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். அப்படி ஒரு கூட்டு எந்தக் கல்லூரிக்கும் லேசில் அமையாது. அந்த அணி தேசியப் போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே ஜோர்ஜியா டெக்கிடம் தோற்றது. அடுத்த வருடம் முதல் சுற்று. அதற்கடுத்த வருடம் திரும்பவும் இரண்டாவது சுற்று. அந்தக் கடைசி ஆட்டத்தில் இந்தியானாவுக்கு எதிராக ஷாக் 36 புள்ளி அடித்தார், அவரில் பிழை சொல்ல முடியாது. மூன்று பேர் சுற்றிப் பிடித்துத் தொங்கினாலும் அப்போதைய நடுவர்கள் விசில் ஊதவில்லை என்று மச்சான் சொல்வான். அதுவும் உண்மைதான். ஆனாலும் முதல் இடத்துக்கு எனக்கு அது போதாது.

கிறிஸ் ஜாக்சன் என்று எழுதிவிட்டேன், அவரை அப்படியே கடந்துபோக மனம் வரவில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் கல்ஃப்போர்ட் என்ற இடத்துப் பிள்ளை. முதல் வருட மாணவனாக 1988-89இல் ஆட்டத்துக்கு 30.2 புள்ளி அடித்தார். டூரெட் என்ற நரம்புக் கோளாறு அவருக்கு உண்டு, உடம்பு சொல்லாமல் துடிக்கும். பந்து வலையில் விழும் சத்தம் தனக்குச் சரியாகக் கேட்கும்வரை, ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து, எறிந்துகொண்டே இருப்பாராம். பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி மஹ்மூத் அப்துல் ரவூப் ஆனார். இரண்டே வருடம்தான் எல்.எஸ்.யு.வில் ஆடினார். இன்னும் ஒரு வருடம் நின்றிருந்தால் இந்த விறாந்தையில் ஐந்தாவது கதிரை போட்டிருப்போம்.

இனி என் ஆள். பீட் மராவிச்.

1984 அல்லது 85 இருக்கும். அந்த வாசிப்பறையில், 78 சூறாவளியில் நனைந்து காய்ந்து அப்பளம்போல் நெளிந்துபோன ஒரு சஞ்சிகை. ஒரு பக்கத்தில் மெலிந்த பெடியன் ஒருவன், தலைமயிர் நெற்றியில் விழுந்து கிடக்கிறது, கண் இடது பக்கம் பார்க்கிறது, பந்து முதுகுக்குப் பின்னால் வலது பக்கம் போகிறது. நான் பார்த்துக்கொண்டு நின்றது பந்தை அல்ல, காலுறையை. சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று சரிந்து கணுக்காலில் குவிந்து கிடந்தது. எங்களுக்குக் காலுறை இறங்கினால் பிரம்படி. உலகத்தின் பெரிய ஆட்டக்காரன் ஒருவனுக்குக் காலுறை இறங்கலாம் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. படத்தின் மூலையில் தண்ணீர்க் கறை வட்டமாகப் படிந்து, சட்டையில் இருந்த 23ஐப் பாதி மறைத்திருந்தது. எனக்கு அவன் பெயரே கன நாள் தெரியாது. தொளதொளக் காலுறைக்காரன் என்றுதான் சொல்வோம்.

கணக்கை முதலில் வைக்கிறேன். மூன்று வருடம், 83 ஆட்டம், 3,667 புள்ளி. ஆட்டத்துக்கு 44.2. முதல் வருட மாணவர்களைப் பெரிய அணியில் ஆட விடாத காலம் அது, ஆகவே நாலு வருடம் கிடைக்கவில்லை. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற கோடு அப்போது கோர்ட்டிலேயே இல்லை, கல்லூரி ஆட்டத்துக்கு அது 1986இல்தான் வந்தது. பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்தும் அணியை விரட்ட மணிக்கூடும் இல்லை. மராவிச் போட்ட இடங்களைக் குறித்துக்கொண்டுபோய்ப் பார்த்தால், அந்தக் கோடு இருந்திருந்தால் சராசரி 57க்குப் போயிருக்கும் என்று டேல் பிரவுன் சொல்லியிருக்கிறார். 2023இல் டெட்ரொய்ட் மேர்சியின் அன்ட்வான் டேவிஸ் ஐந்து பருவம், 144 ஆட்டம் ஆடி 3,664இல் நின்றார். மூன்றே மூன்று புள்ளி குறைவு. 2024 மார்ச்சில் அயோவாப் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் தாண்டிப் போனார். அன்று என் மகள் வீட்டுக்குள் ஓடிவந்து சொன்ன விதத்தைப் பார்த்தால் அவளே போட்டதுபோல் இருந்தது. நான் கவலைப்படவில்லை. கிளார்க்கின் ஆட்டத்தைப் பாருங்கள், அரைக் கோர்ட்டிலிருந்து எறியும் துணிவும் பார்க்காமல் கொடுக்கும் பாஸும் எங்கிருந்து வந்த வழி என்று தெரியும்.

கணக்குக்கு வெளியே உள்ளதுதான் எனக்கு முக்கியம். மராவிச்சின் தகப்பன் பிரஸ், எல்.எஸ்.யு.வின் கோச். மகன் முதலாம் வருட அணியில் ஆடிய 1966-67இல் பெரிய அணி 26 ஆட்டத்தில் மூன்றில்தான் வென்றது. சனம் நேரத்தோடு வந்து முதலாம் வருடப் பெடியங்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பெரிய அணி இறங்க முதல் எழும்பிப் போய்விடும். அவர்கள் ஆடிய இடம் மாடு, ஆடு கண்காட்சிக்குக் கட்டிய கட்டடம். அங்கே சனம் பிதுங்கத் தொடங்கியது. 1972இல் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கக்கூடிய புது அரங்கம் திறந்தார்கள். மராவிச் அதற்கு முன்பே பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விட்டார், எல்.எஸ்.யு. சட்டையோடு அதில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்த அரங்கத்தின் பெயர் அவருடைய பெயர்தான்.

சின்ன வயதில் தகப்பன் கார் ஓட்ட, மராவிச் கதவுப் பக்கமாகச் சரிந்து கையை வெளியே விட்டு ரோட்டில் பந்தைத் தட்டிக்கொண்டு போவாராம். தகப்பன் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார், பந்து தவறக்கூடாது. இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு பாதர். எங்களிடம் கார் ஏது? மச்சான் சைக்கிள் மிதிக்க நான் கரியரில் ஒருபக்கமாக இருந்து பார் வீதியில் பந்தைத் தட்டினேன். முதல் நாள் பத்து யார் போகமுதல் பந்து சில்லுக்குள் போய் இரண்டு பேரும் விழுந்தோம், முழங்கையில் தோல் உரிந்தது, இன்னும் அடையாளம் இருக்கிறது. இரண்டு மாதத்தில் வெளிச்சவீட்டுப் பக்கம்வரை தவறாமல் தட்டினேன். மறுகா 1990 ஜூன் வந்தது, யுத்தம் திரும்பவும் மூண்டது. பார் வீதியில் பின்னேரம் சைக்கிள் ஓடுவது அத்தோடு நின்றது. பந்து வீட்டு மூலையில் காற்றுப் போய்க் கிடந்தது.

மராவிச் 1988 ஜனவரி 5ஆம் தேதி கலிபோர்னியாவில் சும்மா ஒரு தேவாலயக் கோர்ட்டில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். 40 வயது. இருதயத்தின் இடது பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி பிறவியிலேயே அவருக்கு இருக்கவில்லை. அந்த இருதயத்தோடுதான் ஆட்டத்துக்கு 44. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மராவிச்சின் அணி ஒருமுறைகூடத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. அவருடைய மூன்று பருவங்களில் வெற்றி தோல்வி 14-12, 13-13, 22-10. ஆட்டத்துக்கு முப்பத்தெட்டுத் தரம் எறிந்தார், நூற்றுக்கு நாற்பத்துநாலுதான் விழுந்தது. தகப்பன் கோச், மகனுக்குத் தடை இல்லை. மாமா இதைச் சொல்வார், மச்சானும் சொல்வான். நான் சொல்வது: சுற்றி ஆட ஆள் இல்லாத அணியில் எறியச் சொன்னார்கள், எறிந்தான். 26இல் மூன்று வென்ற அணியை மூன்று வருடத்தில் 22 வெல்ல வைத்தான்.

இத்தனை வருடம் அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. மகள் வளர்ந்து வழக்குக்குள் வந்தபிறகு போதவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய ஆள் செமோன் ஓகஸ்டஸ். அவரும் பேட்டன் ரூஜ் பிள்ளைதான். 2002 முதல் 2006 வரை ஆடி 2,702 புள்ளி. 2004, 2005, 2006 மூன்று வருடமும் அணி கடைசி நாலுக்குள். 2005இலும் 2006இலும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரி. சட்டை இலக்கம் 33, ஷாக்கின் அதே இலக்கம். எல்.எஸ்.யு.வில் இலக்கம் ஓய்வு கொடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான், 2023 ஜனவரியில் சிலை வைக்கப்பட்ட முதல் பெண் விளையாட்டு வீராங்கனையும் அவர்தான். அந்த அரங்கத்தை ஒட்டி இப்போது ஷாக், பெட்டிட், மராவிச், ஓகஸ்டஸ் என்று நாலு பேரும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். எங்கள் விறாந்தையின் நாலு கட்சியும் அங்கே ஒரே இடத்தில் நிற்பதை நினைத்தால் எனக்கு ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது.

"வென்றதுதான் கணக்கெண்டா ஓகஸ்டஸ். ஊர்ப்பிள்ளை எண்டா அதுவும் ஓகஸ்டஸ். புள்ளி எண்டா இந்த நாலு பேருக்குள்ள உங்கட ஆளுக்கு அடுத்தது அவதான். பொம்பிளைப் பிள்ளை எண்டத விட்டா வேற என்ன காரணத்துல நீங்க மூண்டு பேரும் அவவ நாலாவதா வைக்கிறீங்க?" இதுதான் மகளின் கேள்வி. மூன்று பேரும் தரையைப் பார்த்தோம்.

அவள் இப்படிக் கேட்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அவள் படித்த காலத்தில் ஒரு மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கோர்ட் கிடைப்பது ஆண்பிள்ளைகள் ஆடி முடித்தபிறகுதான், பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு. ஆறேகாலுக்கு ரிங் கண்ணுக்குத் தெரியாது. அந்த அரை மணித்தியாலத்தில் அவள் பழகிய எறிதல் ஒன்று உண்டு. வலப்பக்கம் இரண்டு தட்டு, உள்ளே வெட்டி ஓடுவதுபோல் தோளைச் சரிப்பாள், காப்பாளர் பின்னால் சாய்ந்த அந்த நொடியில் அப்படியே நின்று நேராக மேலே எழும்பி எறிவாள். ஓகஸ்டஸின் எறிதல் அது, யூடியூப்பில் பார்த்துப் பழகினாள். கை மடங்கும் விதம், முழங்கை காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் விதம் எல்லாம் அப்படியே. இருட்டில் ரிங் தெரியாவிட்டாலும் வலைச் சத்தத்தில் விழுந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியும்.

அவள்தான் எனக்குக் கொலிஸ் டெம்பிளின் பெயரையும் சொன்னாள். எல்.எஸ்.யு. பெரிய அணியில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர். 1971இல்தான் ஆடத் தொடங்கினார். அதாவது மராவிச் போன பிறகு. பெட்டிட்டின் 27.4உம் மராவிச்சின் 44.2உம் கறுப்பினப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லாத அணியிலிருந்து வந்தவை. எதிர்த்து ஆடிய தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் அப்படித்தான், 1967இல் வாண்டர்பில்ட் பெரி வாலஸை ஆடவிடும்வரை ஒருவர்கூட இல்லை. அதே மாநிலத்தில், அதே வெயிலில், அதே கம்பி வளையத்தில் பழகிய எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த மாட்டுக் கொட்டகைக் கோர்ட்டின் கதவு திறக்கவில்லை. ஓகஸ்டஸ் அதே ஊரின் கறுப்பினப் பிள்ளை. அவருடைய தாத்தா காலத்தில் பிறந்திருந்தால் அந்தச் சட்டையே கிடைத்திருக்காது.

நாங்கள் வெளியில் நிறுத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்த சனம். அதை இத்தனை வருடம் யோசிக்காமல் 44.2, 44.2 என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு உறுத்துகிறது. மராவிச் அந்தச் சட்டத்தை எழுதவில்லை, பெட்டிட்டும் எழுதவில்லை. அது சரிதான். ஆனால் கணக்கு எழுதுபவன் என்ற முறையில், ஒரு தொகை எப்படி வந்தது என்று பக்கத்தில் குறிப்பு எழுதாமல் விடுவது எனக்குப் பிழை. இப்போது 44.2 என்று சொல்லும்போதெல்லாம் அந்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படிச் சேர்த்துச் சொன்ன பிறகும் நான் மராவிச் கட்சிதான். பந்தைக் கொண்டு இப்படியும் செய்யலாம் என்று அதற்கு முன் அங்கே ஒருவரும் காட்டவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே வந்திருந்தால் அவனுடைய சராசரி குறைந்திருக்கலாம், அந்த முதுகுப்பின் பாஸ் குறைந்திருக்காது. மகளுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. "நல்லாத்தான் சொல்றீங்க அப்பா, ஆனா தீர்ப்பு மாறல்ல" என்றாள். மாறவில்லை. ஆனால் ஓகஸ்டஸ் இப்போது எனக்கு இரண்டாவது, போன வருடம்வரை நாலாவது. அங்கே ஆடிய சில்வியா ஃபவுல்ஸ், ஏஞ்சல் ரீஸ் எல்லாரையும் சேர்த்து, 2023இல் பெண்கள் அணி அயோவாவை 102-85 என்று வென்று எடுத்த கிண்ணத்தையும் சேர்த்துப் பார்த்தால், எல்.எஸ்.யு.வின் கூடைப்பந்துக் கதையில் பாதிக்கு மேல் பெண்களின் கதைதான் என்று இன்னும் கொஞ்ச நாளில் ஒத்துக்கொள்வேன் போலிருக்கிறது.

இதெல்லாம் ஞாயிறு இரவு. திங்கள் முழுக்க மாமா வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மகளுக்கு முகம் செத்துப்போயிருந்தது. செவ்வாய் பின்னேரம் அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொண்டல் காற்று, வாவிப் பக்கமிருந்து ஈரமாக வீசியது. அவள் எறிந்துகொண்டிருந்தாள், நான் பந்து பொறுக்கிக் கொடுத்தேன். ஆறு மணி இருக்கும், மதில் பக்கம் சைக்கிள் நிற்பாட்டும் சத்தம். மாமா. கையில் கச்சான் சுருள் ஒன்று, மடித்த கொப்பித் தாள் ஒன்று.

என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேரே அவளிடம் போய்த் தாளை விரித்தார். வாத்தியார் எழுத்து, ஊதா மை. இரண்டு நாளாகப் பேரனின் போனில் தேடி எழுதியிருக்கிறார்.

"ரூடி மக்லின். எண்பத்தொண்டுல கடைசி நாலுக்குள்ள கொண்டுபோனவன். புள்ளி ரெண்டாயிரத்தி எண்பது. றிபவுண்ட் ஆயிரத்தி இருநூத்தி எழுவத்தாறு. கறுப்புப் பெடியன் மனே. இத்தனை வருசமா நாம நாலு பேரும் இவன்ட பேரயே எடுக்கல்ல."

மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது, எழுத்துத் தெரியவில்லை, போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் கோர்ட் ஓரச் சீமெந்துக் கட்டில் இருந்து கச்சானை உடைத்துக்கொண்டே 1981ஆம் ஆண்டு ஆட்டத்தைத் தேடத் தொடங்கினார்கள். நான் பந்தைத் தட்டிப் பார்த்தேன், காற்று ஒள்ளுப்பம் குறைந்திருந்தது.